கட்டத்தில் பிறந்த உருவம்

புதுச்சேரி நகரத்தின் வடபால் நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த முத்தியால்பேட்டையில் இன்று திருமணமோ காதணி விழாவோ மஞ்சள் நீராட்டோ நிகழுமாயின், விழாவுக்குரியவரைத் திரைப்படக் கதாபாத்திரமாகவே சித்திரித்து, சிரசின் பின்னே ஒளிக்கதிர்களும் பாதத்தருகே பொன்னெழுத்துகளும் பிரகாசிக்கும் பிளெக்ஸ் பதாகையொன்று தெருமுனையில் எழுந்துவிடும். கணிப்பொறி ஈன்ற நூதன விநோதமென்று இதனைக் கருதுவோர் பலர். எனினும், உருவத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து மீளப் படைக்கும் வித்தையின் நெடிய சரித்திரத்தில் இது பிந்திய அத்தியாயமே.

தறியில் பூவோ கொடியோ எழவேண்டின், அதனை முதலில் கட்டமிட்ட தாளில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த இழை மேலெழுவதென நிர்ணயிப்பது நெசவின் முறை. அவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்புவித்த ஜக்கார் பிறந்ததும், லூமியேர் சகோதரர் தொழிற்சாலை நடத்தியதும் பிரான்சின் லியோன் நகரத்திலேயே. 1895 டிசம்பர் 28-ல் பாரிசில் அச்சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டத் தொடங்கியதையொட்டியே சினிமாச் சுவரொட்டியும் தோன்றிற்று. அதற்கு முன்னரே, 1881 ஜூலை 29-ஆம் தேதிய பிரெஞ்சுச் சட்டம், சுவரொட்டிகளில் வெள்ளைத் தாளை அரசாங்க அறிவிப்புகளுக்கென ஒதுக்கி, ஏனையோரை வண்ணத் தாளுக்கு அனுப்பியதோடு, புதுச்சேரி போன்ற குடியேற்ற நாடுகளுக்கும் அவ்விதியை விரித்திருந்தது. ஆட்சியின் வாக்கு வெண்மையிலும் வணிகரின் வாக்கு வர்ணத்திலும் நிற்கவேண்டுமென்பது அதன் கருத்து.

1931-ல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ச் சினிமா பேசத் தொடங்கிய பின், வர்ணத்தின் வாக்கே வீதிகளில் ஓங்கிற்று. சிவகாசி அச்சகங்கள் வால்போஸ்டர்களை அச்சிட்டுக் குவிக்க, சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் வானளாவிய கட்-அவுட்களை எழுப்பின. பேனர் ஓவியர் கையகலப் புகைப்படத்தின்மீது கட்டமிட்டு, அதே கட்டங்களைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியிற் பெரிதாக வரைந்து, கட்டம் கட்டமாக நிழலும் ஒளியும் தீட்டுவார். அருகிலிருந்து நோக்கின் வெறும் வர்ணத் திட்டுகளாகத் தோன்றுவன, வீதியின் எதிர்ப்புறத்திலிருந்து நோக்கும்போது முகமாகும் என்னும் தூரக் கணக்கே அவருடைய மூலதனம். கன்னத்தில் நீலமும் நெற்றியில் சிவப்பும் துணிந்து பூசிய அவரே, நாயகனைப் பெரிதாக்கிப் பிறரைச் சிறிதாக்கும் இலக்கணத்தையும் வகுத்தவர்.

1990-ல் தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர் உருவாக்கிய போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. 1994-ல் ‘லேயர்’ வசதி அதனுடன் சேர்ந்தது. முகத்தை வெட்டியெடுத்து வேறோர் உடலிற் பொருத்துவதும், பின்னணியை விரும்பியவாறு மாற்றுவதும் அதன்பின் எளிதாயின. கண்ணுக்குத் தெரியாத நுண்கட்டங்களான பிக்சல்களே அங்கு முகமாகின்றன. ஆகவே கட்டமிடும் கை மறைந்தபோதிலும் கட்டம் மறையவில்லை. 2000-க்குப் பின் பிளெக்ஸ் அச்சு பரவப் பரவ, பேனர் ஓவியர் பலர் தூரிகையைக் கைவிட நேர்ந்தது. அவர்கள் வகுத்த இலக்கணமோ வீட்டு விசேஷங்களிலும், ஆகஸ்ட் 4-ல் முதலமைச்சர் ந. ரங்கசாமியின் பிறந்தநாளுக்கு அவரைத் திரை நாயகராக்கிப் புதுவையெங்கும் தொண்டர்கள் வைக்கும் பதாகைகளிலும் தொடர்கிறது.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் புதுச்சேரிச் சட்டம் 2000-ஆம் ஆண்டினது. பதாகைகள் அடைத்த வழியைப் பாதசாரிக்கு மீட்க அது அவசியமே. ஆயினும் நட்சத்திரங்களுக்கே வாய்த்த பிரம்மாண்ட உருவத்தில் நெசவாளி வீட்டுப் பெண்ணும் ஒருநாள் நிற்க முடிந்தமை இத்தொழிலின் சரித்திரத்தில் நிகழ்ந்த மெய்யான புரட்சி. அதற்கு விலையாகத் தம் பிழைப்பை இழந்த ஓவியருக்கு, அப்பதாகையின் மூலையில் ஒரு பெயர்கூட இல்லை.