அகர வரிசையில் ஒரு பாடம்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் வாசிப்பு அகர வரிசையில்தான் நடந்தது. மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்த பிள்ளை, அடுத்து ஔவையாரின் ஆத்திசூடியை மனப்பாடம் செய்தது, பிறகு கொன்றைவேந்தன். எழுத்துக்கு ஓர் அடி என்பதால் அரிச்சுவடியும் அறநூலும் ஒன்றாயின.

இந்த அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ட, ண, ள, ற, ன போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ஆத்திசூடி அவற்றைச் சொல்லின் இரண்டாம் எழுத்தாக வைத்து வரிசையைக் காத்தது. ‘ங’ மட்டும் தன் வடிவத்தையே உவமையாக்கிக்கொண்டு முன்னே நின்றது. கெட்டிக்காரத்தனம்தான். உயிரும் மெய்யும் முடிந்தபின் ககர, சகர வருக்கங்கள் என்று நூல் வகர வருக்கம் வரை நீள்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் இதே சட்டகத்தில் புதிய ஆத்திசூடி எழுதினார். வரிசை பழையது, அறம் புதியது. பாரதிதாசனும் தம் பங்குக்கு ஓர் ஆத்திசூடி இயற்றினார்.