நாய்க்கும் பூனைக்கும் இட்ட சோறு

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குடுமியான்மலை. திருநலக்குன்றம் என்பது அதன் பழம்பெயர். அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அது 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வழக்காடுவர். அவ்வழக்கில் நான் இன்று புகப்போவதில்லை. எனக்கு வேண்டியது அந்தக் காலம். அக்காலத்துச் சிற்பிகள் தமிழ்நாட்டில் ஒரு நாயையும் ஒரு பூனையையும் கல்லில் நிறுத்திவிட்டுப் போயினர். அவ்விரண்டையும் கொண்டுதான் நான் பேசப்போகிறேன்.

நாய் நிற்பது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்த கல் அது. எருமைகளைக் காக்கும் போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுக்கப்பட்டது. வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லே கூறுகிறது. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் 1300 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது!

பூனை நிற்பது மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி அது தவம் செய்கிறது. எலிகள் அச்சமின்றிச் சுற்றி நிற்கின்றன. பொய்த் தவசியை எள்ளும் சிற்பம் என்று இதனைக் கூறுவர். ஆனால் சிற்பி ஓர் உண்மையையும் அறிந்திருந்தான் என்று நான் எண்ணுகிறேன். ஊனை விட்டுவிட்ட பூனை உலகில் இல்லை.

இனி உணவுக்கு வருவோம். நாய் மனிதனோடு சேர்ந்து அவனுடைய சோற்றுக்கும் பழகிவிட்ட விலங்கு. 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்கள் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டனர். கேழ்வரகுக் கூழும் பழைய சோறும் தின்று நம் சிற்றூர் நாய்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் தானியம் மட்டும் போதும் என்பது இதன் பொருளன்று. அது போதாது என்பதை உலகுக்குக் காட்டியவையும் நாய்களே.

இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி என்ற மருத்துவ அறிஞர், 1919-ஆம் ஆண்டையொட்டி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்து, ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றை மட்டும் கொடுத்து வளர்த்தார். குட்டிகளின் கால் எலும்புகள் வில்லாய் வளைந்தன. ஏழைக் குழந்தைகளை வாட்டிய கணை எலும்பு நோய் இதுவே. காட் மீன் எண்ணெய் கொடுத்ததும் நோய் விலகியது. வைட்டமின் டி பற்றிய அறிவுக்கு வழி திறந்தது இப்படித்தான். வெயில் பட்டால் நம் தோல் அந்த வைட்டமினை ஆக்கிக்கொள்ளும். நாய்க்கும் பூனைக்கும் அந்த ஆற்றல் மிகக் குறைவு. வெயிலில் படுத்துக் கிடக்கும் நாய்க்கும் அது உணவின் வழியாகவே வரவேண்டும்.

அடுத்தது கருநாக்கு நோய். மக்காச்சோளத்தையே தின்ற நாய்களுக்கு நாக்கு கறுத்துப் புண்ணாகும். அமெரிக்காவில் எல்விஜெம் என்பவர் 1937-ஆம் ஆண்டில் நிக்கோடினிக் அமிலம் கொடுத்து அதனைத் தீர்த்தார். பல்லாயிரம் ஏழைகளைக் கொன்ற பெல்லாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஐதராபாத்தில் சோளம் உண்ணும் மக்களிடையே அந்நோயைக் கண்டு, 1960-களில் தம் குழுவினருடன் காரணம் தேடியபோதும், சோதனையில் துணை நின்றவை நாய்க்குட்டிகளே. நாம் உணவைப் பற்றிக் கற்ற பாடங்களில் சில, இவ்வாயில்லாப் பிராணிகள் நோயுற்றுக் கற்பித்தவை. இக்கடனை நினைத்தால், எச்சில் சோற்றை வீசிவிட்டு ‘நாய்க்குச் சோறு வைத்தேன்’ என்று சொல்ல நமக்கு நா எழுமா?

பூனையின் கதை வேறு. அது மனிதனோடு குடியேறியது சோற்றுக்காக அன்று. தானியக் களஞ்சியத்தின் எலிக்காக. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனை கிடைத்திருக்கிறது. அன்று முதல் இன்று வரை அதன் உடல் மாறவில்லை. அதன் நாக்கு இனிப்பை உணராது. காரட்டில் உள்ள கரோட்டினை அதன் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளாது. டாரின் என்றொரு சத்து அதற்கு உணவிலேயே கிடைக்க வேண்டும். அச்சத்து ஊனிலும் மீனிலும் உண்டு; அரிசியில் இல்லை; பசும்பாலில் இருப்பது மிகச் சொற்பம். டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை அழிந்து பார்வை கெடுவதை 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். அக்குறை இதயத்தையும் விரியச் செய்து கொல்லும் என்பது 1987-இல் தெரிந்தது. நாய்க்கென்று செய்த உணவையே தின்று வளர்ந்த பூனைகளும் இவ்வாறு கண்ணிழந்தன.

அப்படியானால் நம் பாட்டிமார் பாலும் சோறும் வைத்து வளர்த்த பூனைகள் குருடாகாதது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குடுமியான்மலையைச் சுற்றிய ஊர்களில் வரகும் கேழ்வரகும் நெல்லும் குதிரில் கிடந்தன. குதிரைச் சுற்றி எலி திரிந்தது. பாட்டி வைத்த சோறு பூனைக்குச் சிற்றுண்டி. இராப்பொழுதில் அது தானே தேடிக்கொண்டதே பேருணவு. எலியில் தசை உண்டு, ஈரல் உண்டு, எலும்பு உண்டு. கண்மாய் வற்றி மீன் பிடிக்கும் நாளில் மீன் தலையும் கிடைத்தது. இன்று நகரத்து அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திப் பூனையை வைத்துக்கொண்டு அதே தயிர்ச்சோற்றைக் கொடுக்கிறோம். குதிரும் இல்லை, எலியும் இல்லை. சோறு மாறவில்லை; சூழல் மாறிவிட்டது. அதனால் விளையும் கேட்டினைப் பூனை தன் கண்ணால் கட்டுகிறது.

மறுபுறம், அன்பின் மிகுதியால் வெறும் இறைச்சியையே கொடுப்போரும் உளர். எலும்பில்லாத தசையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் தின்ற குட்டிகளின் எலும்பு மெலிந்து முறியும். ஆகவே நாய்க்குச் சோற்றுடன் முட்டை, மீன், இறைச்சி, சிறிது ஈரல் கலந்து கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்கு வழி செய்யவேண்டும். பூனைக்கு ஊனே முதன்மை. சோறு அதற்கு ஒட்டுக்கறி போன்றது. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதைப் போடற்க. வெங்காயமும் பூண்டும் இரண்டு விலங்குகளின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். கறிக்குழம்பு பிசைந்த சோற்றை வைக்கும் முன், அந்தக் குழம்பில் எத்தனை வெங்காயம் வதங்கியது என்று அடுக்களையில் கேட்டுக்கொள்ளுங்கள்.