தங்கமணியின் சைக்கிளும் ஜூலி ஃபர்ட்டாடோவும்

புனே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பேர் வாங்கிய ஊர் இது. இப்போது ஸ்கூட்டரும் காருமாக மூச்சு முட்டுகிறது. ஆனாலும் ஞாயிறு விடிகாலையில் வேதாள் டேக்டி பக்கம் போய்ப் பாருங்கள், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மலைப் பாதையில் சைக்கிளை உருட்டும் கூட்டம் இருக்கும். அதில் ஒரு ஆள் எங்கள் வீட்டுத் தங்கமணி. கூடவே மூச்சிரைத்தபடி தள்ளிக்கொண்டு வருவது அடியேன்.

மூன்று வருஷம் முன்னால் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்று, அதாவது முன்னால் பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் வைத்தது, அவளுக்கு வாங்கினோம். கடைக்காரர் நேராக ரோஸ் கலர் வண்டியிடம் கூட்டிப்போய், "மேடத்துக்கு லேடீஸ் மாடல்" என்றார். வாங்கிவிட்டோம். அதற்கப்புறம் ஒவ்வொரு இறக்கத்திலும் மணிக்கட்டு வலி, முன்சக்கரம் கல்லில் பட்டுத் துள்ளல். ஒருநாள் விழுந்து காறை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "விடுங்க, எனக்கு இறங்கத் தெரியல. அவ்ளோதான்."

அது தப்பு என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஷாக்கின் தண்டில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சவாரி முடிந்ததும் அது நிற்கும் இடம், ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று காட்டிக்கொடுக்கும். 120 மில்லிமீட்டர் அமுங்க வேண்டிய ஃபோர்க், இவளுக்கு 60-ஐக்கூடத் தொடவில்லை. உள்ளே இருந்தது 75 கிலோ ஆளுக்கான கம்பிச்சுருள். இவள் 48 கிலோ! லேடீஸ் மாடல் என்பது பெயின்ட்டோடு முடிந்துவிட்டது.

கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். மலை சைக்கிளின் வரலாற்றில் பெண்களுக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று.

கதை தொடங்குவது கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில். 1976 அக்டோபரில் அங்கே ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் ஆரம்பித்தது. பழைய பலூன் டயர் ஷ்வின் வண்டிகளில் மலையிலிருந்து பாய்வார்கள். கீழே வருவதற்குள் பின் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பேருக்குக் காரணம் அதுதான். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி என்று பெயர்கள் வரும். அந்தக் காலத்துப் படங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன என்றால் அதில் பெரும்பங்கு வெண்டி கிராக் என்ற பெண்ணுடையது. கேமராவைத் தூக்கிக்கொண்டு, 20 கிலோவைத் தாண்டும் இரும்பு வண்டியில் அவரும் அதே மலையில் ஓட்டினார். அவருக்கென்று தனி வண்டி யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து ஜாக்கி ஃபீலன். 1983, 84, 85 என்று மூன்று வருஷமும் அமெரிக்கத் தேசியப் பட்டம். அவர் ஓட்டியது சார்லி கன்னிங்ஹாம் கையால் செய்த அலுமினிய வண்டி. மற்றவர்கள் இரும்பைக் கட்டி இழுத்த நாளில் இவருக்கு எடை குறைந்த வண்டி. என் கணக்கில் முதல் பாடம் இங்கேயே இருக்கிறது. ஆனால் தொழில் அந்தப் பக்கம் போகவில்லை.

அது போனது ஜார்ஜினா டெர்ரியின் வழியில். நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர். ஜெராக்ஸ் வேலையை விட்டுவிட்டு, 1985-ல் பெண்களுக்கான சைக்கிள் கம்பெனி தொடங்கினார். பெண்களுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை என்பது அவர் கணக்கு. அதனால் மேல்குழாயைக் குறுக்கினார், பாதம் இடிக்காமலிருக்க முன்சக்கரத்தை 24 அங்குலமாக்கினார். அது ரோடு சைக்கிள். கழுத்து வலியும் தோள் வலியும் விதி என்று நினைத்திருந்த குள்ளமான பெண்கள் பலர் முதன்முறையாக வலியில்லாமல் ஓட்டினார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் அவர் தீர்த்தது உயரம் குறைந்தவர்களின் பிரச்சினை. மற்ற கம்பெனிகள் அதைப் 'பெண் உடல்' என்று சுருக்கிக்கொண்டன. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், சராசரி ஆணுக்கும் சராசரி பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது என்பது காற்றில் போனது.

(நம்ம ஊர் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. ஏன் தெரியுமா? நடுவில் இருக்கும் பார் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம்!)

இதே நேரத்தில் ஷாக்கின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி. ஆண்கள் இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட், பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடு ஜெயித்தார். பெண்கள் கிராஸ் கன்ட்ரியில் ஜெயித்தது ஜூலி ஃபர்ட்டாடோ. பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து, முழங்கால் போய், சைக்கிளுக்கு வந்தவர். 1992-ல் இறக்கப் பந்தயத்திலும் உலகப் பட்டம் வாங்கினார். ஏறவும் இறங்கவும் ஒரே ஆள்! பின்பக்க ஷாக்கில் மோட்டோகிராஸ்காரர் ஹோர்ஸ்ட் லைட்னர் ஒரு மூட்டு கண்டுபிடித்தார். மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்சக்கரம் முரண்டு பிடிக்காது. 1998-ல் ஸ்பெஷலைஸ்ட் அந்தக் காப்புரிமையை வாங்கிக்கொண்டது.

1997-ல் ஃபர்ட்டாடோவுக்கு லூபஸ் நோய் என்று தெரிந்து பந்தயத்தை விட்டார். 1999-ல் சாண்டா குரூஸ் அவர் பேரில் 'ஜூலியானா' என்று பெண்களுக்கான வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. 2013-ல் அதுவே தனி பிராண்டு ஆனது. அந்த பிராண்டில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பெண்களுக்கென்று தனி ஃபிரேம் வரையவில்லை. சாண்டா குரூஸின் அதே ஃபிரேம். மாற்றியவற்றில் ஒன்று ஷாக்கின் உள்ளே எண்ணெய் போகும் வழி, எடை குறைந்தவருக்கு ஏற்றபடி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காற்று ஷாக்கில் எடைக்குத் தகுந்த மாதிரி பம்ப் அடித்துக்கொள்ளலாம். அது சுலபம். ஆனால் 48 கிலோ ஆளுக்குக் காற்றைக் குறைத்தால், அமுங்கிய ஷாக்கைத் திருப்பித் தள்ளும் விசையும் குறையும். எண்ணெய் வால்வோ கனமான ஆளுக்கு இறுக்கி வைத்தது. குமிழை முழுசாகத் திறந்தாலும் ஷாக் சோம்பேறித்தனமாகத்தான் எழும்பும். அது எழும்புவதற்குள் அடுத்த கல், அதற்குள் இன்னொரு கல். கடைசியில் ஷாக் அமுங்கியே கிடக்கும், அடி முழுக்கக் கைக்கு வரும். ஓட்டுபவர் நினைப்பார், "எனக்கு இறங்கத் தெரியல."

எல்லாரும் ஒரே வழியில் போகவில்லை. ஜயன்ட்டின் பானி டூ தொடங்கிய லிவ், பெண்களுக்கென்று தனி ஃபிரேமே வரைகிறது. ஸ்பெஷலைஸ்ட் 2018-ல் புது ஸ்டம்ப்ஜம்பர் கொண்டுவந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஃபிரேம் என்று முடிவுக்கு வந்தது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் 150 சென்டிமீட்டர் உயரத்தில் லிவ் ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கட்சி என்ன சோறா போடும்?

இந்த தடவை நாங்கள் கலரைப் பார்க்கவே இல்லை. தங்கமணிக்கு 155 சென்டிமீட்டர், ஸ்மால் ஃபிரேம். காலை ஊன்றி நின்றால் மேல்குழாய் இடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் காற்று ஷாக். அவள் ஏறி நின்றால் கால்வாசி முதல் முப்பது சதவீதம் வரை அமுங்க வேண்டும், அமுக்கி விட்டால் சட்டென்று எழ வேண்டும். கிராங்க் 165 மில்லிமீட்டர். பிரேக் லீவரை ஒற்றை விரல் எட்டும்படி உள்ளே தள்ளி வைக்க முடிய வேண்டும். இறக்கத்தில் பட்டனை அமுக்கினால் சீட் கீழே போக வேண்டும். (1984-லேயே ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் ஸ்பிரிங் வைத்து இதற்கு வழி பண்ணிவிட்டார்கள்.) கடைசியில் அகப்பட்டது லேடீஸ் என்ற பேரே இல்லாத, பாசிப்பச்சை வண்டி. பின் ஷாக்கை மட்டும் சர்வீஸ் ஆளிடம் கொடுத்து வால்வை இளக்கச் சொன்னோம். "மேடம் ரேஸ் போறாங்களா?" என்று கேட்டார்.

போன ஞாயிறு விழுந்த அதே இறக்கம். மேலே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. போனாள். நான் கீழே போய்ச் சேர்ந்தபோது வண்டியைச் சாய்த்து வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் வளையம் கடைசிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது.

"ஏங்க, பம்ப் எடுங்க. இன்னும் ரெண்டு பாயின்ட் குறைச்சுப் பார்க்கலாம்."