காகிதச் சுருளில் கேட்ட இதயம்

1816-ஆம் ஆண்டு, பாரீஸின் நெக்கர் மருத்துவமனை. இதயநோய் அறிகுறிகளோடு வந்திருந்தாள் ஓர் இளம்பெண். மார்பில் கைவைத்துப் பார்த்தும் விரலால் தட்டிப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை. உடல் பருமன் அப்படி. தட்டிப் பார்க்கும் முறையே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. வியன்னாவில் ஆவன்புருக்கர் 1761-இல் எழுதி, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அதை 1808-இல் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர் கோர்விசார். அவரிடம் பயின்றவர்தான் நெக்கரில் இருந்த டாக்டர் ரெனே லெனெக்.

இனி மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்க வேண்டும். வயதுப்பெண்ணிடம் அது முறையில்லை என்று தயங்கினார் லெனெக். மரக்கட்டையின் ஒரு முனையைக் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காது வைத்தவருக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தாள்களை இறுக்கமாகச் சுருட்டி ஒரு முனையை இதயத்துக்கு நேரே வைத்தார். மறுமுனையில் காதைக் கொடுத்தார். நேராகக் காது வைத்து அதுவரை கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது துடிப்பு.

வழக்கமாக இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது இதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் என்றே நான் சொல்வேன். லெனெக் புல்லாங்குழல் வாசிப்பவர். கடைசல் வேலையும் தெரிந்தவர். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்தில், நடுவே துளையோடு, தாமே ஒரு மரக்குழல் கடைந்தார். அதன் அடிமுனையில் புனல்போல் குடைந்திருக்கும்; அந்தக் குடைவில் பொருந்த ஓர் அடைப்பும் உண்டு. இதயத்தைக் கேட்க அடைப்பைச் செருக வேண்டும். மூச்சைக் கேட்க உருவிவிட வேண்டும். இன்றைய ஸ்டெதாஸ்கோப்பிலும் தாழ்ந்த ஒலிக்குக் குழிந்த பக்கம், உயர்ந்த ஒலிக்குத் தட்டைப் பக்கம் என்று மருத்துவர்கள் திருப்பிக்கொள்கிறார்கள்.

குழலைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. கேட்ட ஒலி எந்த நோயைச் சொல்கிறது? நோயாளி உயிரோடு இருக்கும்போது கேட்டதை எழுதி வைப்பார். அவர் இறந்துபோனால் பிரேதப் பரிசோதனையில் நுரையீரலையும் இதயத்தையும் பார்த்து, எழுதியதோடு ஒப்பிடுவார். படுக்கை படுக்கையாக இப்படிச் சேர்த்ததுதான் 1819-இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய நூல். எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நுரையீரல் விஷயத்தில் இந்த முறை அருமையாகப் பலித்தது. இதயத்தில்தான் சறுக்கியது. துடிப்பின் இரண்டு ஒலிகளில் 'லப்' கீழறைகள் சுருங்கும் ஒலி, 'டப்' மேலறைகள் சுருங்கும் ஒலி என்று எழுதினார் லெனெக். நுரையீரலின் சீழும் குழியும் இறந்த உடலிலும் அப்படியே இருக்கும். ஆனால் இதயம் துடிக்கும்போது வால்வு மூடுவதை எந்தப் பிரேதமும் காட்டாது. 1826-இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது, வயது 45. இரண்டு ஒலிகளும் வால்வுகள் மூடுவதால் எழுகின்றன என்று பாரீஸில் ரூவானே 1832-இல் வாதிட்டார். லண்டனில் ஜேம்ஸ் ஹோப் அதே பத்தாண்டில், உயிருள்ள விலங்குகளின் இதயத்திலேயே கருவியை வைத்துக் கேட்டு, 'டப்' வால்வு மூடும் ஒலி என்று காட்டினார்.