கூரையினின்று தொங்கும் நெசவு

நெய்த திரை சுவரைச் சார்ந்தே தொங்கவேண்டும் என்பது ஐரோப்பியரின் நெடுநாள் வழக்கு. அதை உடைத்தவருள் போலந்து நாட்டு மக்தலேனா அபகானோவிச் அம்மையாரையே (1930–2017) நான் முதலாக வைப்பேன். 1943ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படைவீரர் சுட, தம் அன்னை கையிழந்ததைக் கண்டவர் அவர். போருக்குப் பின் வறுமை. நல்ல நூலுக்கும் பஞ்சம். துறைமுகங்களிற் கழித்த பழங்கயிறுகளைத் திரட்டி, புரி பிரித்து, சாயமேற்றி நெய்தார். முரட்டுக் கற்றாழை நார். விரல் நோகும் வேலை! 1969இல் பிறந்த ‘சிவப்பு அபகான்’ ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம், கூரையினின்று தொங்குவது. சுற்றிவந்து காணலாம். அது நெசவா, சிற்பமா? பெயரிட வகையறியாது, அம்மையார் பெயரிலிருந்தே ‘அபகான்’ என்றனர். 2022இல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் அவை காடெனத் திரண்டு தொங்கின. நெய்த கை அப்போது இல்லை.