செத்த காலேஜும் உப்பளமும்

மரக்காணத்தில் என் பால்ய நண்பர் ஒருவர் இருக்கிறார். உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்ந்தவர். சென்ற பங்குனியில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "பெண் பி.ஏ. முடித்துவிட்டாள். மேலே ஏதோ கண்காட்சிகளின் சரித்திரம் படிக்கப் போகிறாளாம். நீ வந்து நாலு வார்த்தை புத்தி சொல்லிவிட்டுப் போ" என்றார். நாவல் எழுதுகிறவனிடம் புத்தி இருக்கும் என்று நம்பும் நண்பர் கிடைப்பது அபூர்வம். உடனே புறப்பட்டேன்.

கண்காட்சி என்றால் நம்மில் பலருக்கு ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பட்டப் படிப்பு வேறா என்று நண்பர் கலங்கியதில் வியப்பில்லை.

அந்தப் பெண் என்னை உப்பளத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். வெயில் அவற்றின் மேல் விழுந்து கண்ணைப் பறித்தது. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் துறைமுகம்! இன்று பெண்கள் தலையில் உப்புக்கூடை சுமந்து வரப்பில் வரிசையாய் நடந்துகொண்டிருந்தார்கள்.

"சரித்திரம் படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்காட்சிக்கு ஏதம்மா சரித்திரம்?" என்று ஆரம்பித்தேன்.

"மாமா, சென்னை மியூசியத்தை நம் ஜனங்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், தெரியுமா?"

தெரியாமலா? செத்த காலேஜ்! மிருகக்காட்சிசாலை உயிர்க் காலேஜ். 1851-இல் அந்த மியூசியம் தொடங்கியது நுங்கம்பாக்கத்தில், ஒரு காலேஜ் கட்டிடத்தில். டாக்டர் பால்ஃபர் அதன் முதல் தலைவர். எழும்பூருக்கு மாறியது 1854-இல். பெயர் மட்டும் ஜனங்களின் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அதே 1851-இல்தான் லண்டனில் கண்ணாடி மாளிகை கட்டி உலகப் பொருள்களையெல்லாம் பரப்பி வைத்தார்கள். அந்த மோகம் இங்கும் வந்தது. 1855-இல் சென்னையில் தென்னிந்தியாவின் விளைபொருள்களுக்கும் கைத்தொழில்களுக்கும் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. இந்த மண்ணில் என்ன கிடைக்கும், என்ன விலை போகும் என்று ஆண்டவர்கள் பார்த்துக்கொள்வதற்கு அது ஒரு கடைவீதி. 1873-இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் பரிசு பெற்ற ரவிவர்மாவின் நாயர் பெண், அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு பெற்றாள். ஒரு சித்திரக்காரரின் தலையெழுத்தையே ஒரு கண்காட்சிச் சுவர் மாற்றிவிட்டது.

"இன்னும் கேளுங்கள்" என்றாள். 1947-48-இல் லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் கலைப் பொருள்களின் கண்காட்சி. திரும்பி வந்தவற்றை டெல்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகையிலேயே பரப்பினார்கள். பார்த்தவர்களுக்கு அவற்றைக் கலைத்து அனுப்ப மனம் வரவில்லை. 1949 ஆகஸ்டு 15-இல் நம் ராஜாஜி அதையே தேசிய மியூசியமாகத் திறந்து வைத்தார். ஒரு கண்காட்சி, மியூசியமாகவே உட்கார்ந்துவிட்டது! அப்புறம் இதற்கென்று படித்தவர்கள் வேண்டாமா? 1952-இல் பரோடா பல்கலைக்கழகம் மியூசியவியல் துறையைத் தொடங்கியது.

எனக்கு ஒரு சந்தேகம். தஞ்சைப் பக்கத்துக் கோயிலில் எண்ணெயும் பூவுமாய் நிற்கும் நடராஜர், கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் செப்புச் சிலை ஆகிவிடுகிறார். செத்த காலேஜ் என்று ஜனங்கள் சொன்னது தப்பா?

அவள் சற்று யோசித்தாள். பிறகு பாத்தியைக் காட்டினாள். "கடல் தண்ணீர் எல்லாமே உப்புத்தான். ஆனால் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, உப்பு கட்டின பிறகு, கசப்பு நீரைச் சமயம் பார்த்து வடிக்க வேண்டும். விட்டுவிட்டால் உப்பே கசக்கும். எதை வைப்பது, எதை வடிப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? ஏன்? அதைத்தான் படிக்கப் போகிறேன். நம் ஊர் உப்பை ஒரு கண்காட்சியில் வைத்தால் வெள்ளைக் குவியல் மட்டும் இருக்கும். வாரின கை இருக்காது. நான் வைத்தால் இருக்கும்."

புத்தி சொல்ல வந்தவன் வாயடைத்துப் போனேன்.

இரவு சாப்பிட்டதும் நண்பர் கேட்டார்: "சொன்னாயா?"

"கேட்டேன்" என்றேன். "படிக்கட்டும்."

"வேலை?"

அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஊரில் மியூசியங்கள் கொஞ்சம். அவற்றில் நாற்காலிகள் அதைவிடக் கொஞ்சம். அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு பரணிலிருந்து ஒரு பழைய மரக்காலை இறக்கித் தூசி தட்டினார். அவருடைய தகப்பனார் காலத்துச் சாமான். மகளிடம் நீட்டி, "இதை உன் கண்காட்சியில் வைத்தால் பக்கத்தில் என்ன எழுதுவாய்?" என்றார்.

"அளந்தவர் பெயர். சுமந்தவர் பெயர். அன்றைய கூலி."

"கூலியா?" என்று சிரித்தார் நண்பர். "அந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது."

மறுபடியும் பரண் ஏறினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.