பட்டம் தராத பள்ளியும் பட்டம் தேடும் பெண்களும்

1959இல் புதுச்சேரியில் ஒரு கல்வி நிறுவனம் தன் பெயரில் இருந்த 'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லை எடுத்துவிட்டது. 1952 ஜனவரி 6 அன்று 'ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசப் பல்கலைக்கழக மையம்' என்று தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஏழு ஆண்டுகள் கழித்து 'ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம்' ஆயிற்று. இன்றும் அந்தப் பெயரில்தான் இயங்குகிறது. மழலையர் வகுப்பிலிருந்து உயர்கல்வி வரை அங்கே படிக்கலாம். ஆனால் படித்து முடித்தவருக்குப் பட்டம் கிடையாது, பட்டயமும் கிடையாது.

பெரிதாகப் பெயர் சூட்டிக்கொள்ள எல்லா நிறுவனங்களும் முந்தும் காலத்தில் இருந்து பார்க்கும்போது இது விசித்திரமாக இருக்கிறது. பள்ளி கல்லூரியாகவும், கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் ஆவதையே நாம் வளர்ச்சி என்கிறோம். தியானத்தை நடுவில் வைத்த ஒரு சிறிய நிறுவனம், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எதையோ கைவிட்டபடி எண்பது ஆண்டுகளைக் கடந்திருக்கிறது. கைவிட்டவற்றால் பெண்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இதைக் காரைக்காலில் இருந்து எழுதுகிறேன். புதுச்சேரியும் காரைக்காலும் ஒரே ஒன்றியப் பகுதி. ஆனால் நடுவே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தமிழ்நாடு கிடக்கிறது. ஆவணத்தில் நெருக்கமாகவும் பேருந்தில் தொலைவாகவும் இருக்கும் ஊர் எங்களுக்குப் புதுச்சேரி. அங்கே நடந்த ஒரு கல்விப் பரிசோதனையை என் மாணவிகளின் கண்களால் பார்க்க விரும்புகிறேன்.

நிறுவியவர் ஒரு பெண்

இந்த நிறுவனத்தை உருவாக்கியவர் மிரா அல்ஃபாசா. 1878இல் பாரிஸில் பிறந்தவர். 1914 மார்ச் 29 அன்று முதன்முறை புதுச்சேரிக்கு வந்தார். 1920இல் திரும்பி வந்து தங்கிவிட்டார். 1926 நவம்பரில் அரவிந்தர் தனிமைக்குள் சென்றபோது ஆசிரமத்தின் முழுப் பொறுப்பும் இவர் கைக்கு வந்தது. 1973 நவம்பர் 17 அன்று இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பக்தர்களுக்கு இவர் 'ஸ்ரீ அன்னை'. அவர்களுடைய எழுத்தில் இவருடைய முடிவுகள் எல்லாம் அருளாகிவிடுகின்றன. பகுத்தறிவு நோக்கில் எழுதுகிறவர்களோ ஆசிரமம் என்றதும் விலகிப் போய்விடுகிறார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்காலம் நிலம், கட்டடம், சமையல், பட்டறை, அச்சகம், பள்ளி என்று அனைத்தையும் நிர்வகித்த ஒரு பெண், இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே காணாமல் போகிறார். ஒரு பெண்ணைத் தெய்வமாக்குவதும் அவர் செய்த வேலையை மறைக்கும் ஒரு வழிதான். எனவே இங்கே அவரை ஒரு கல்வி நிர்வாகியாக மட்டும் வாசிக்கிறேன்.

தியானமும் படிப்பும் ஒரே கூரையின்கீழ் இருப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் அப்படிப்பட்ட இடங்கள்தாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டதும், திருவாவடுதுறை அதற்கு நிழல் தந்ததும் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். உணவும் உறைவிடமும் நூல்களும் தந்து ஆசிரியரையும் மாணாக்கரையும் மடம் தாங்கியது. ஆனால் அந்த மாணாக்கர் வரிசையில் பெண் உட்காரவில்லை. புதுச்சேரியில் நடந்ததன் புதுமை, அந்த வரிசையில் சிறுமிகள் முதல் நாளிலிருந்தே இருந்ததுதான்.

போரின் பிள்ளைகள்

பள்ளி தொடங்க வேண்டும் என்பது ஆசிரமத்தின் ஆரம்பத் திட்டத்தில் இல்லை. யோக சாதனைக்கான இடம் என்பதால் குழந்தைகளை அங்கே பொதுவாகச் சேர்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி, வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அன்பர்களின் குடும்பங்கள் புதுச்சேரிக்கு வந்து தங்கின. பெரியவர்களோடு பிள்ளைகளும் வந்தார்கள். தியானத்துக்கான இடத்தில் குழந்தைகள் ஓடத் தொடங்கியதும் இரண்டு வழிகள்தாம் இருந்தன: அவர்களை வெளியே அனுப்புவது, அல்லது இடத்தை மாற்றிக்கொள்வது. மிரா இரண்டாவதைத் தேர்ந்தார். 1943 டிசம்பர் 2 அன்று ஏறக்குறைய இருபது பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கியது. அவரும் ஓர் ஆசிரியராக வகுப்பெடுத்தார்.

அரவிந்தர் 1950 டிசம்பர் 5 அன்று காலமானார். 1951 ஏப்ரல் 24 அன்று சியாமா பிரசாத் முகர்ஜி தலைமையில் கூடிய மாநாடு, அவர் நினைவாக ஒரு சர்வதேசப் பல்கலைக்கழக மையம் அமைப்பதென முடிவு செய்தது. அடுத்த ஜனவரியில் தொடக்கம். புதுச்சேரி அப்போதும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. இதற்கிடையே 1956இல் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் வந்து, 'பல்கலைக்கழகம்' என்ற சொல் சட்டத்தின் காவலுக்குள் போனது. 1959இல் இந்த நிறுவனம் அந்தச் சொல்லை விட்டது. பாடமுறையை விடவில்லை.

கொடி மாறியபோது மொழி என்ன ஆயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. இணைப்புக்குப் பிறகு காரைக்கால் பள்ளிகள் நீண்ட காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடந்தன. பிரெஞ்சு எங்கள் தெருக்களில் ஓய்வூதியத் தாள்களோடு சுருங்கிப்போனது. கணவரின் ராணுவச் சேவைக்கான பிரெஞ்சு ஓய்வூதியத்துக்காகக் கையெழுத்திடும் மூதாட்டிகளின் மொழியாயிற்று. புதுச்சேரி மையத்தில் கணிதமும் அறிவியலும் பிரெஞ்சிலேயே தொடர்ந்தன. மற்றப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆட்சியாளரின் மொழி போன பிறகு, அதை அதிகாரத்துக்காக அல்லாமல் படிப்புக்காக வைத்துக்கொண்டார்கள்.

காரைக்கால் அம்மையாரும் அரைக்கால் சட்டையும்

தியான மரபு பெண்ணின் உடலை என்ன செய்தது என்ற கேள்வி எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஊர்வலம் வருகிறது. ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் புனிதவதியின் கதையைக் காரைக்கால் மீண்டும் நடத்திப் பார்க்கிறது. பரமதத்தன் அஞ்சி விலகிப் போகிறான். அவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று புனிதவதி பேய் வடிவம் கேட்டுப் பெறுகிறாள். தமிழின் முதல் பெரும் பக்திக் கவிஞர்களில் ஒருவர், தன் தேடலைத் தடையின்றித் தொடர உடம்பின் தசையையே உதற வேண்டியிருந்தது. பிறர் பார்வை படாத உடலில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

புதுச்சேரியில் எடுத்த வழி வேறு. 1940களின் நடுவில் பள்ளியில் உடற்கல்வி முறையாகத் தொடங்கியது. 1949 பிப்ரவரியில் உடற்கல்விக்கென்றே ஒரு காலாண்டிதழ் வந்தது; அரவிந்தர் அதில் எழுதினார். சில ஆண்டுகளுக்குள் சிறுமிகளும் இளம்பெண்களும் அரைக்கால் சட்டையும் மேல்சட்டையும் அணிந்து, கூந்தலைத் தொப்பிக்குள் அடக்கி, ஆண்பிள்ளைகள் செய்யும் அதே பயிற்சிகளைச் செய்தார்கள். ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் எதிலும் பெண்களுக்கென்று குறைத்த அளவு வைக்கப்படவில்லை. எழுபது வயதைக் கடந்த மிரா தினமும் டென்னிஸ் ஆடினார். டிசம்பர் 2 ஆண்டு விழாவில் இன்றும் மேடைப்பேச்சுக்குப் பதில் உடற்பயிற்சிக் காட்சிதான் நடக்கிறது.

மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா என்ற கேள்வியைச் சிறுமிகள் அவரிடமே கேட்டார்கள். அதை நோயாகவோ தீட்டாகவோ நடத்தத் தேவையில்லை, பழகிய பயிற்சியை விட வேண்டாம் என்பது அவர் பதிலின் சாரம். பெண்ணின் பிரச்சினையைப் பற்றி 1950களில் அவர் எழுதிய கட்டுரையில், ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் அடிமைப்பட்டிருக்கிறார்கள், இருவரும் அதிலிருந்து விடுபட வேண்டும் என்று வாதிடுகிறார். இருவரின் அடிமைத்தனத்தையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்கவில்லை. சொத்தும் சட்டமும் யார் கையில் இருந்தன என்பதை அந்தத் தராசு நிறுக்காது. ஆனால் அவர் மைதானத்தில் செய்தது எழுத்தைவிட ஒரு படி முன்னே நிற்கிறது. தாவணி போட்டதும் ஓடுவதை நிறுத்திவிடும் ஊர்களுக்கு நடுவே, ஓடுவதை நிறுத்த வேண்டாத ஒரு தலைமுறைப் பெண்கள் அங்கே வளர்ந்தார்கள்.

குரு இல்லாத வகுப்பு

1950களில் மாலை வேளைகளில் அந்த விளையாட்டு மைதானத்திலேயே மிரா பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். 1958 இறுதியில் உடல்நலம் குன்றி அது நின்றது. பிறகு அவர் தம் அறையை விட்டு வருவது அரிதாயிற்று. ஒருவரையே சுற்றி அமைந்த நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில்தான் தடுமாறும். 1960களில் இங்கே வேரூன்றிய முறைக்கு 'தடையற்ற முன்னேற்றம்' என்று தமிழில் சொல்லலாம். ஒரே வயது, ஒரே பாடம், ஒரே தேர்வு என்ற கட்டு தளர்ந்தது. ஆசிரியரின் துணையோடு மாணவரே தன் படிப்பின் வேகத்தையும், உயர் வகுப்பில் பாடங்களையும் வகுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கிடையாது, அவர்கள் ஆசிரமவாசிகள். மதபோதனை என்று தனிப்பாடம் இல்லை. அதிகாரம் ஒருவரிடமிருந்து ஒரு வழக்கத்துக்குக் கைமாறியதால் 1973க்குப் பிறகும் வகுப்புகள் நடந்தன. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லும் இந்தக் கல்விக் கருத்துகளை எடுத்துக்கொண்டது. மையமோ இன்றும் சில நூறு பேர் படிக்கும் இடம்தான்.

அந்தச் சில நூறு பேர் யார் என்று கேட்காமல் இந்த வரலாறு முழுமையாகாது. வங்காள, குஜராத்தி, ஒடிய அன்பர் குடும்பங்களின் பிள்ளைகளால் நிறைந்த இடம் அது. பக்கத்துத் தெருத் தமிழருக்கும் அதற்கும் நடுவே சுவர் இருந்தது. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொந்தளித்தபோது ஆசிரமக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. வன்முறையை நியாயப்படுத்தாமலே, அந்தச் சுவரின் உயரத்தை அதிலிருந்து அளக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன் பாரதியாரின் துணையோடு ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் அரவிந்தர் 'ஆர்யா' இதழுக்காக ஆங்கிலப்படுத்தியிருந்தார். தமிழ்க் கவிதை உள்ளே போன அளவுக்குத் தமிழ்ச் சிறுமிகள் போகவில்லை.

இன்னும் இரண்டு வழிகள்

இதே காலத்தில் வேறு இரண்டு நிறுவனங்கள் வேறு வழிகளில் போயின. சாந்திநிகேதனில் 1901இல் தாகூர் தொடங்கிய ஆசிரமப் பள்ளி, 1921இல் விசுவபாரதியாகி, 1951இல் நாடாளுமன்றச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. புதுச்சேரியில் மாநாடு கூடிய அதே ஆண்டு. பட்டமும் அரசு நிதியும் வந்தன; அரசு விதிகளும் வந்தன.

மற்றொன்று நம் காந்திகிராமம். இளம் வயதில் விதவையாகி, பிறகு மருத்துவம் படித்து, 1940இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்ட டாக்டர் சௌந்தரம், கணவரோடு சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே தொடங்கியது. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்தவர். காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சுற்றுக் கிராமங்களின் பெண்களுக்குக் கதவு திறக்க, அவர்கள் கையில் ஒரு சான்றிதழும் தர வேண்டியிருந்தது.

என் மாணவிகளின் கணக்கு

என் வகுப்புக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் மீனவர் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். நெடுங்காட்டிலிருந்தும் திருநள்ளாற்றுப் பக்கத்திலிருந்தும் வயல்வேலை செய்கிறவர்களின் மகள்கள் வருகிறார்கள். பல வீடுகளில் அவர்கள்தாம் கல்லூரி பார்த்த முதல் பெண்கள். 'டிகிரி முடிக்கட்டும்' என்ற ஒரு வாக்கியம் அவர்களுடைய திருமணத்தை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. அந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் பேருந்தில் தனியாக வரவும், நூலகத்தில் உட்காரவும், வேண்டாம் என்று சொல்லவும் பழகுகிறார்கள். பட்டம் என்பது இங்கே வெறும் தாள் இல்லை. அதைக் காட்டித்தான் வீட்டு வாசலைத் தாண்ட முடிகிறது.

பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல, பின்னால் தாங்கிப் பிடிக்கும் குடும்பமோ சொத்தோ ஆசிரமமோ வேண்டும். அது இல்லாத பெண்ணிடம் போய்த் தேர்வு அறிவைக் கொல்கிறது என்று சொல்வது, செருப்பில்லாதவளிடம் வெறுங்காலின் பெருமையைச் சொல்வது போலத்தான். புதுச்சேரி மையத்தின் துணிச்சலை மதிக்கிறேன். அந்தத் துணிச்சலுக்கு ஆகும் செலவை எல்லா வீடுகளும் தாங்கா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆனாலும் அந்த நிறுவனத்திலிருந்து எடுத்துக்கொள்ளப் பட்டமின்மையைத் தவிர வேறு சில உண்டு. இருபது குழந்தைகள் வந்ததும் தன் விதியை மாற்றிக்கொண்ட வேகம் ஒன்று. நிறுவியவர் விலகியபோதும் ஓடுகிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொடுத்த பக்குவம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெண்களுக்கு ஒரு மைதானமும், மதிப்பெண் கேட்காத சில மணி நேரமும். நம் மகளிர் கல்லூரிகளின் கால அட்டவணையில் இந்த இரண்டுக்கும்தான் இடம் இல்லை. விளையாட்டுப் பாடவேளை என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் விடுபட்ட பாடம் நடக்கும். நூலக நேரம் என்று எழுதியிருக்கும். அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதில் கழியும்.

இவற்றைக் கேட்டுப் பெறப் புதிய சட்டமோ புதிய பல்கலைக்கழகமோ தேவையில்லை. பட்டத்தோடு சேர்த்தே கேட்கலாம். அடுத்த பருவத்துக்கான அட்டவணை தயாராகும்போது, வாரத்தில் இரண்டு மாலை மைதானம், ஒரு முற்பகல் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத வாசிப்பு என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் கல்லூரியிலும் கேளுங்கள். கேட்கும்போது, எண்பது ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரையில் ஒரு பெண் அதை நடத்திக் காட்டினார் என்று சொல்லுங்கள்.